சம்பூரின் பத்து ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வீடு மாற வேண்டிய நிர்ப்பந்தத்தில், பல வருடங்களாகப் பெட்டிகளில் கிடந்த பழைய பத்திரிகை நறுக்குகளைத் தரம்பிரித்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலானவை மீண்டும் வாசிக்கத் தகுதியற்றவை. பத்திரிகைக்காரனின் எழுத்துக்கு ஆயுள் ஒரு நாள்தான் என்று எங்கள் ஆசிரியபீடத்தில் இருந்த மூத்தவர்கள் சொல்வதுண்டு. அதில் எனக்கு இப்போதும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால், 2006 செப்டெம்பர் மாதத்துப் பக்கமொன்று கையில் அகப்பட்டபோது அதை எறிய மனம் வரவில்லை. சம்பூர் படையினர் வசமானதைக் கூறும் முதற்பக்கச் செய்தி. எழுதியவன் நான்.

இருபது வருட இடைவெளியில் அதை வாசித்தபோது எனக்கு ஏற்பட்டது வெட்கமே என்று சொல்ல வேண்டும். தகவல் எதுவும் பிழையில்லை. திருகோணமலைத் துறைமுகத்தையும் கடற்படைத் தளத்தையும் நோக்கிப் பீரங்கிகளை நிலைநிறுத்தக்கூடிய இடம் சம்பூர் என்பது எழுதப்பட்டிருந்தது. இரு தரப்பும் கூறிய இழப்பு எண்ணிக்கைகள் தனித்தனியாகத் தரப்பட்டிருந்தன. அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ தமது கட்சியின் மாநாட்டு மேடையில் வைத்து அந்த வெற்றியை அறிவித்ததும் இருந்தது. யுத்த நிறுத்த உடன்படிக்கைக்கு இது என்ன அர்த்தம் என்று ஆய்வு வேறு செய்திருந்தேன். அந்த ஊரில் இருந்த பாடசாலையைப் பற்றி ஒரு வரி இல்லை. வயல்களைப் பற்றி இல்லை. சனங்கள் எங்கே போனார்கள் என்பதற்குக் கடைசிப் பந்தியில் ஒரு வசனம், அவ்வளவுதான்.

யுத்தத்தின் விளைவுகளை முன்கூட்டியே கணிப்பிடும் ஆய்வுகளை அண்மைக் காலத்தில் தேடித்தேடி வாசித்து வருகின்றேன். பேராதனையில் கலைப்பட்டம் படித்த காலத்தில் பொருளியல் ஒரு பாடமாக இருந்தபோதிலும், சமன்பாடுகளைக் கண்டால் ஒதுங்கிப்போன மாணவர்களில் நானும் ஒருவன். ஆகவே, இங்கு எழுதப்போவது நிபுணரின் கருத்தல்ல. ஆயுத மோதல் ஒன்று மனித அபிவிருத்தியை எந்தளவுக்குப் பின்தள்ளும் என்று கணக்குப் பார்க்கும் அந்த ஆய்வுகளைச் சம்பூருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஒரு பத்திரிகையாளனின் கருத்து.

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்துக்காக அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தின் பார்டீ நிலையம் யேமன் நாட்டைப் பற்றித் தயாரித்த அறிக்கைகளே என்னை இந்தத் திசையில் திருப்பின. அவர்கள் கையாண்ட முறை எளிமையாகச் சொல்லக்கூடியது. 2014 க்குப் பிறகு போரே நிகழாதிருந்தால் யேமன் எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் ஒரு நாட்டைக் கற்பனையாக வளர்த்தெடுக்கிறார்கள். பிறப்பு, இறப்பு, கல்வி, விளைச்சல், வருமானம், குடிநீர் எல்லாம் ஒன்றையொன்று பாதிக்கும் விதமாகக் கணக்குகள் பின்னப்பட்டிருக்கின்றன. பின்னர், போர் நடந்த யேமனை அதற்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே போரின் விலை. 2019 இல் போர் நின்றால் மனித அபிவிருத்தி 21 வருடங்கள் பின்தள்ளப்பட்டிருக்கும், 2022 வரை நீடித்தால் 26 வருடங்கள், 2030 வரை நீடித்தால் ஏறத்தாழ 40 வருடங்கள் என்று 2019 ஆம் ஆண்டின் அறிக்கை கூறியது. 2021 இல் வெளியான இன்னொரு அறிக்கை, அந்த ஆண்டின் முடிவில் மரணங்களின் எண்ணிக்கை 377,000 ஆக இருக்கும் என்றும் அவற்றில் சுமார் 60 சதவீதம் குண்டுகளாலன்றி உணவும் தண்ணீரும் மருந்தும் கிடைக்காமையினால் நேர்ந்தவை என்றும் மதிப்பிட்டது.

நோர்வேயின் ஸ்கொட் கேற்ஸ், ஹொவார்ட் ஹெக்ரே ஆகியோரும் அவர்களது சகாக்களும் 2012 இல் வெளியிட்ட ஆய்வொன்றும் இந்த வகையைச் சேர்ந்ததே. களத்தில் 2,500 பேர் மாளும் நடுத்தர அளவிலான மோதலொன்று, சிசு மரணத்தைப் பத்து சதவீதத்தால் கூட்டுகிறது, சராசரி ஆயுளை ஏறத்தாழ ஒரு வருடத்தால் குறைக்கிறது, போசாக்கின்மையில் வாடுவோரை 3.3 சதவீதத்தால் அதிகரிக்கச் செய்கிறது என்பது அவர்களது மதிப்பீடு. இத்தகைய கணக்குகளில் அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுவது களத்தில் நிகழும் மரணங்கள். எத்தனை பேர், எந்த வருடத்தில், எந்த நாட்டில் என்பதே மோதலின் அளவுகோல்.

அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு கொட்டியாரக்குடாவின் தெற்குக் கரைக்குப் போவோம்.

திருகோணமலையை அறியாத வாசகர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். துறைமுக நகரிலிருந்து குடாவுக்கு அப்பால் தெரியும் கரையில் மூதூர் இருக்கிறது. அதற்குக் கிழக்கே கட்டைபறிச்சான், சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனை, சூடைக்குடா என்று வரிசையாகக் கிராமங்கள். நெல்லும் சேனைப்பயிரும் மாடும் கடலுமாகப் பிழைக்கும் மக்கள். பத்திரகாளி அம்பாள் கோவில் சம்பூரின் அடையாளம். 1660 இல் இந்தக் கொட்டியாரக் கரையில் வைத்துத்தான் ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டார். பத்தொன்பது வருடங்களுக்கு மேலாகச் சிறையிருந்த அவர் தப்பிப்போய் எழுதிய நூலைச் சரித்திரம் படித்த எவரும் அறிவர். இந்த மண்ணிலிருந்து பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களில் அவரொருவரின் கதை மாத்திரமே உலகத்துக்குத் தெரிந்தது என்பது வேறு விடயம்.

சம்பூருக்கு 2006 முதல் இடப்பெயர்வல்ல. 1990 ஜூலை 7 ஆம் திகதி கொல்லப்பட்ட பொதுமக்களை அந்த ஊர் ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து வருகின்றது. அதற்குப் பின்னரும் ஊர் எழுந்தது. 2002 யுத்த நிறுத்தம் வந்தபோது பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. 2004 டிசெம்பரில் கடல் வந்துபோனது. 2006 ஏப்ரல் 25 இல் கொழும்பில் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா மீது தற்கொலைத் தாக்குதல் நடத்தப்பட்டதும் சம்பூர்ப் பக்கம் விமானங்கள் வந்தன. ஜூலையில் புலிகள் மாவிலாறு அணைக்கட்டின் மதகை மூடினார்கள். ஓகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டது. மூதூர் முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கு ஓடினார்கள். பட்டினிக்கு எதிரான அமைப்பு என்ற பிரெஞ்சு தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 4 ஆம் திகதி சம்பூர் படையினரின் கையில். அதற்கு முன்னதாகவே சம்பூர் மக்கள் ஈச்சிலம்பற்று, வெருகல், வாகரை என்று நடந்து, வாகரையும் 2007 ஜனவரியில் வீழ்ந்தபோது மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சண்டை என்ற அளவில் சம்பூரில் எல்லாம் முடிந்துவிட்டது. சம்பூர் மண்ணில் அதன் பிறகு போர் இல்லை. 2007 ஜூலையில் தொப்பிகலை கைப்பற்றப்பட்டதும் கிழக்கு முழுவதும் விடுவிக்கப்பட்டதாகக் கொழும்பில் விழா எடுத்தார்கள். களமரணங்களை எண்ணும் எந்தவொரு ஆய்வாளனின் அட்டவணையிலும் 2007 க்குப் பிந்திய சம்பூருக்கு நேரே பூச்சியம்தான் இருக்கும்.

ஆனால், 2007 மே 30 ஆம் திகதி மூதூர் கிழக்கையும் சம்பூரையும் உயர் பாதுகாப்பு வலயமாக்கும் வர்த்தமானி அறிவித்தல் வெளியாகியிருந்தது. சம்பூர்வாசிகள் மட்டக்களப்பிலிருந்து திருப்பிக் கொண்டுவரப்பட்டு, சொந்த ஊருக்கு அல்ல, கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் முகாம்களில் தங்கவைக்கப்பட்டார்கள். இடைத்தங்கல் முகாம் என்றே அதற்குப் பெயர். அந்த 'இடை' ஒன்பது வருடங்கள் நீண்டது.

கிளிவெட்டி முகாமுக்கு நான் முதன்முதலாகப் போனது அந்தக் காலத்தில்தான். தகரமும் தரப்பாளும் போட்ட கொட்டில்கள். மத்தியான வெயிலில் உள்ளே இருக்க முடியாமல் எல்லோரும் மர நிழலில் இருந்தார்கள். குறிப்பேட்டை எடுத்ததும் வழமையான கேள்விகளைக் கேட்கத் தொடங்கினேன். எப்போது இடம்பெயர்ந்தீர்கள், வீட்டில் யாராவது இறந்தார்களா, நிவாரணம் ஒழுங்காகக் கிடைக்கிறதா. பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இடையில் நிறுத்தி என்னிடம் கேட்டார்:

"தம்பி, பேப்பர்க்காரர் எண்டு சொல்லுறீங்கள். ஆரிட்டயாவது கேட்டுச் சொல்லுங்கோ. எங்கட மாடுகள் உள்ளுக்க நிக்குது. இந்த வெயிலுக்குள்ள அதுகளுக்குத் தண்ணி ஆர் வைக்கிறது?"

நான் அதை எழுதிக்கொண்டு வந்து கட்டுரையில் உருக்கமான ஒரு பந்தியாகப் போட்டேன். வாசகர்கள் பாராட்டினார்கள். அந்தப் பெரியவர் கேட்டது உருக்கத்துக்காக அல்ல என்பது எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது. அவர் ஒரு கணக்கைச் சொன்னார். அந்தப் பக்கத்துக் குடும்பமொன்றுக்கு மாடு என்றால் பால், தயிர், பசளை மாத்திரமல்ல. மகளின் கலியாணம், மகனை நகரத்தில் தங்கவைத்துப் படிப்பிக்கும் செலவு, வைத்தியச் செலவு எல்லாம் பட்டியில் நிற்கின்றன. குறிசுட்ட மாடுதான் அவர்களது வங்கிப் புத்தகம். பட்டி அழிந்தால் அடுத்த வருடம் பிள்ளைக்குப் பால் இல்லை. ஐந்தாம் வருடம் பெரிய வகுப்புக்குப் போக வேண்டியவன் கூலி வேலைக்குப் போகிறான். பத்தாம் வருடம் ஊர் திரும்பும்போது மறுபடியும் தொடங்குவதற்குக் கைமுதல் இல்லை. டென்வர் பல்கலைக்கழகக் கணினியில் ஒன்றோடொன்று பின்னப்பட்டிருப்பதும் இதே சங்கிலிதான். கிளிவெட்டியில் மர நிழலில் இருந்த மனிதரிடம் அந்த மாதிரி இருந்தது. கேட்கத்தான் ஆள் இருக்கவில்லை.

இனி, இந்தக் கணக்கை இலங்கையின் உத்தியோகபூர்வ புள்ளிவிபரங்களைக் கொண்டு யாராவது போட்டிருக்கலாமே என்று வாசகர்கள் கேட்கக்கூடும். அங்கேதான் பெரிய சிக்கல் இருக்கிறது.

மனித அபிவிருத்திச் சுட்டெண்ணில் இலங்கை எப்போதும் பெருமைப்படக்கூடிய இடத்திலேயே இருந்து வந்திருக்கின்றது. பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக் 1990 இல் அந்தச் சுட்டெண்ணை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து, எழுத்தறிவுக்கும் ஆயுளுக்கும் உதாரணம் காட்டப்பட்ட நாடு இது. போர் நடந்த வருடங்களிலும் எங்கள் சுட்டெண் உயர்ந்தது. போர் மனித அபிவிருத்தியைப் பின்தள்ளும் என்ற கோட்பாட்டுக்கு இலங்கை ஒரு விதிவிலக்கு என்று எழுதியவர்களும் உண்டு.

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன? 1981 க்குப் பிறகு 1991 இல் குடிசன மதிப்பீடு நடக்கவில்லை. 2001 மதிப்பீடு 25 மாவட்டங்களில் 18 இல் மாத்திரமே பூரணமாக நடத்தப்பட்டது. திருகோணமலை அந்தப் பதினெட்டில் இல்லை. தாய் சேய் நலத்தைப் பற்றிய குடித்தொகை சுகாதார ஆய்வுகள் 1987, 1993, 2000 ஆகிய மூன்று தடவைகளிலும் வடக்கையும் கிழக்கையும் விட்டுவிட்டே நடத்தப்பட்டன. வறுமை விகிதம் 2002 இல் 22.7 சதவீதம், 2006/07 இல் 15.2 சதவீதம், 2009/10 இல் 8.9 சதவீதம் என்று வேகமாகக் குறைந்து வந்ததைப் பெரும் சாதனையாகக் கூறினார்கள். அந்த நடுவிலுள்ள 2006/07 வருமான செலவின ஆய்வைப் பாருங்கள். வட மாகாணமும் திருகோணமலை மாவட்டமும் அதில் சேர்க்கப்படவில்லை. கிழக்கில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. திருகோணமலை இல்லை. சம்பூர் ஊரோடு எழும்பி நடந்த அதே வருடத்தில், நாட்டின் வறுமையை அளந்தவர்கள் அந்த மாவட்டத்துக்குப் போகவில்லை. பாதுகாப்பு நிலைமை காரணம் என்பது உண்மைதான். யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. ஆனால், அளக்காத இடத்தில் நோயில்லை என்று அர்த்தமாகாது அல்லவா?

ஆக, 1981 க்குப் பிறகு முழுத் தீவையும் எண்ணிய முதலாவது குடிசன மதிப்பீடு 2012 இல்தான் நடந்தது. அப்போது சம்பூர்வாசிகள் முகாம்களில் இருந்தார்கள். அவர்களது வீடுகள் இருந்த நிலம் அந்த வருடம் மே மாதம் வேறொரு வர்த்தமானி மூலமாக முதலீட்டு வலயமாகியது. 818 ஏக்கர். கனரகக் கைத்தொழில் வருமென்றார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பூரின் எதிர்காலத்தைப் பற்றி எவரும் கணிக்கவில்லை என்று சொன்னால் அது தவறு. நிறையவே கணித்தார்கள். இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனமும் 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்துக்கான உடன்பாட்டில் கைச்சாத்திட்டது 2006 டிசெம்பரில். ஊர் காலியாகி நான்கு மாதங்கள்கூட ஆகவில்லை. சம்பூர் மக்கள் அந்த நேரத்தில் வாகரையில் எறிகணைகளுக்குள் இருந்தார்கள். கிழக்கின் உதயம் என்ற மூன்று வருட அபிவிருத்தித் திட்டம் 2007 இல் வந்தது. மின்னலகு, ஏற்றுமதி, வேலைவாய்ப்பு எல்லாவற்றுக்கும் எதிர்வுகூறல்கள் இருந்தன. முகாமில் முதலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை எத்தனையாம் வகுப்பில் விலகும் என்பதற்கு மாத்திரம் எவரும் எதிர்வுகூறவில்லை.

அந்த மின் நிலையமும் வரவில்லை. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. அதற்கென ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 500 ஏக்கர் நிலம் உரியவர்களிடம் திரும்பவில்லை. 2025 ஏப்ரலில் கொழும்பு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் 120 மெகாவாட் சூரிய மின்சக்தித் திட்டத்துக்கான பணிகளைத் தொடக்கிவைத்தார்கள். சூரிய ஒளிக்கு எதிராக எனக்கு ஆட்சேபனை எதுவும் கிடையாது. நிலக்கரிப் புகையை விட ஆயிரம் மடங்கு மேல். நிலத்தின் வரலாற்றை மாத்திரம் யாரும் மறந்துவிடக்கூடாது.

குண்டு விழுந்த இடம் என்றென்றைக்கும் எழாது என்ற அபிப்பிராயமும் எனக்கு இல்லை. இந்தத் துறையில் என்னை மிகவும் சிந்திக்கவைத்த ஆய்வு எட்வேர்ட் மிகுவேல், ஜெராட் ரோலண்ட் ஆகிய இருவரும் 2011 இல் வெளியிட்டது. வியட்நாமில் அமெரிக்க விமானங்கள் கடுமையாகக் குண்டு வீசிய மாவட்டங்களையும் தப்பிய மாவட்டங்களையும் கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஒப்பிட்டுப் பார்த்த அவர்கள், வறுமையிலோ எழுத்தறிவிலோ நிலைத்த வித்தியாசத்தைக் காணவில்லை. நம்புவதற்குக் கடினம். ஆனால், காரணத்தை ஊகிக்கலாம். போர் முடிந்ததும் அங்கே சனங்கள் தங்கள் மண்ணுக்குத் திரும்பினார்கள். அரசும் அந்த மாவட்டங்களில் முதலிட்டது. குண்டுக்குழிகளை மண்போட்டு மூடலாம். அதைச் செய்யும் கைகள் அங்கே இருக்க வேண்டும்.

மறுபக்கத்தில் பெரு நாட்டின் அனுபவத்தை கியான்மார்கோ லியோன் 2012 இல் எழுதியிருக்கிறார். பாடசாலை வயதுக்கு முன்னர் வன்முறைக்குள் அகப்பட்ட பிள்ளைகள், வளர்ந்த பிறகு சராசரியாக 0.31 வருடக் கல்வியை இழந்திருக்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய எண். ஒரு தலைமுறைக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட எண்.

சம்பூர் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கே இருக்கிறது? கட்டிடங்களையும் வயல்களையும் பொறுத்தவரை அது வியட்நாமைப் போல எழுந்திருக்கக்கூடிய ஊர். பிள்ளைகளைப் பொறுத்தவரை பெருவைப் போலாகிவிட்டது. இரண்டையும் தீர்மானித்தது 2006 இல் நடந்த சண்டை அல்ல. அதற்குப் பின்னர் ஊரைப் பூட்டிவைத்த வருடங்களே. எனது வாதம் இதுதான்: மோதலின் பாதிப்பை எதிர்வுகூறும் எந்த மாதிரியும், துப்பாக்கி ஓய்ந்த திகதியை மோதல் முடிந்த திகதியாக எடுத்துக்கொண்டால் அது சம்பூரில் பிழைத்துப்போகும். மக்கள் திரும்பிய திகதியே அங்கு முடிவுத் திகதி. இரண்டுக்கும் இடையில் ஒன்பது வருடங்கள். அந்த ஒன்பது வருடங்களை உண்டாக்கியது பீரங்கி அல்ல, வர்த்தமானி. எந்தப் போர்க்களத் தரவுத்தளத்திலும் வர்த்தமானிக்கு ஒரு நிரல் கிடையாது.

இந்த வாதத்தை ஒரு நண்பரிடம் சொன்னேன். புள்ளிவிபரத்துறையில் பல வருடங்கள் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். "நீங்கள் ஒரு கிராமத்தை வைத்துக்கொண்டு உலகத்துக்கு நியாயம் பேசுகிறீர்கள். மாதிரி என்பது நாட்டுக்கானது, ஊருக்கானது அல்ல" என்றார். சரியான ஆட்சேபனை. சில ஆயிரம் பேரின் இழப்பு இரண்டு கோடிப் பேரின் சராசரியில் தெரியாது. ஆனால், நாட்டின் சராசரியை வைத்துக்கொண்டுதான் சம்பூரின் நிலத்தைப் பற்றி முடிவெடுத்தார்கள் என்பதை அவரும் மறுக்கவில்லை. முழு நாட்டுக்கும் வேண்டிய 500 மெகாவாட் ஒரு பக்கம், முகாமில் சில நூறு குடும்பங்கள் மறுபக்கம் என்று தராசில் வைத்தால் எந்தப் பக்கம் தாழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்தக் குடும்பங்களின் பக்கத்தில், இத்தனை கல்வி வருடங்கள், இத்தனை மாடுகள், இத்தனை போக விளைச்சல் என்று யாராவது எழுதிக்கொடுத்திருந்தால் தராசு திரும்பியிருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் அப்பாவி அல்ல. குறைந்தபட்சம் விலை தெரிந்து எடுத்த முடிவாகவாவது அது இருந்திருக்கும். நிஷா அருணதிலக, சிசிர ஜயசூரிய, சமன் கெலேகம ஆகிய மூவரும் போர் நடந்துகொண்டிருந்தபோதே அதன் பொருளாதாரச் செலவைக் கணித்து, 1996 ஆம் ஆண்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் போன்று இரண்டு மடங்கு என்று 2001 இல் எழுதினார்கள். அது நின்றுவிடாத போர்தான். ஆனாலும் அந்த எண் சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் தெற்கில் பலருடைய வாயில் வந்தது எனக்கு நினைவிருக்கின்றது.

பழியை ஒரு பக்கத்தில் மாத்திரம் இறக்கிவைத்துவிட்டுப் போகவும் முடியாது. மாவிலாறு மதகை மூடியபோது அதன் விளைவு தங்கள் கட்டுப்பாட்டில் இருந்த மக்கள் மீதே விழும் என்பதைப் புலிகள் கணிக்கவில்லையா, கணித்தும் பொருட்படுத்தவில்லையா? தண்ணீரின்றிக் காய்ந்த வயல்கள் சிங்கள, முஸ்லிம் விவசாயிகளுடையவை மாத்திரமல்ல. யுத்த நிறுத்த காலத்திலும் பாடசாலைப் பிள்ளைகளைப் படையில் சேர்த்தமை கிழக்கில் எத்தனை வகுப்பறைகளை வெறுமையாக்கியது என்பதைச் சம்பூர்ப் பக்கத்துப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். போரை நடத்துபவர்கள் எப்போதும் எதிரியின் இழப்பைத்தான் எதிர்வுகூறுகிறார்கள். எங்கள் பத்திரிகைகள் அந்தப் பக்கத்தைப் பற்றி எழுதிய வரிகளும் அதிகமில்லை.

2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன முதலீட்டு வலய வர்த்தமானியை இரத்துச் செய்தார். உயர் நீதிமன்றத்தில் ஒரு தடையும் வந்து நீங்கியது. ஓகஸ்டில் 818 ஏக்கர் காணி கையளிக்கப்பட்டது. கடற்படை முகாமுக்குள் இருந்த காணிகளும் சம்பூர் மகா வித்தியாலயமும் 2016 மார்ச்சில் திரும்பக் கிடைத்தன. அதன் பிறகு சில மாதங்கள் கழித்து நான் அங்கு போனேன். காடு. எல்லைக் கல்லும் இல்லை, எல்லை மரமும் இல்லை. கிணறு இருந்த இடத்தைக் கண்டுபிடித்தவர்கள் அதை வைத்துக்கொண்டு வீடு இருந்த இடத்தை அனுமானித்தார்கள். கிணறும் தூர்ந்துபோனவர்கள் அயலவரின் கிணற்றிலிருந்து அடி அளந்தார்கள். 2006 இல் அடுத்த வீட்டுப் பிள்ளைகளாக இருந்தவர்கள் கலியாணம் முடித்துத் தனிக் குடும்பமாகி வந்திருந்தார்கள். பத்து வருடத்துக்கு முந்திய ஒரு காணிக்கு இப்போது மூன்று குடும்பங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலையோ 2025 இலும் முடிந்துவிடவில்லை. அந்த ஜூலையில் கடற்கரையோரத்தில் அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதுதான் மனித எச்சங்கள் வெளிப்பட்டு, விடயம் மூதூர் நீதிமன்றத்துக்குப் போனது.

மாடுகளைப் பற்றிக் கேட்ட பெரியவரைத் தேடினேன். கிளிவெட்டியிலேயே காலமாகிவிட்டார் என்றார்கள். நான்கைந்து வருடங்கள் இருக்குமாம்.

பாடசாலைக்கும் போனேன். வாசலில் நின்றபோது மனதில் ஒரு கணக்கு ஓடியது. 2006 ஜனவரியில் சம்பூரில் முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தடங்கலின்றிப் படித்திருந்தால் 2016 இல் பதினோராம் வகுப்பில் இருக்க வேண்டும். அந்த டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை. அதாவது, ஒரு முழுத் தொகுதி மாணவர்களுக்கு அவர்களது பாடசாலை திரும்பக் கிடைத்தது பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில். அவர்களோடு முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அந்த மண்டபத்துக்கு வந்தார்கள்? எத்தனை பேர் ஆறாம், எட்டாம் வகுப்புகளில் நின்றுவிட்டார்கள்? எத்தனை பெண்பிள்ளைகளுக்கு முகாமிலேயே பதினாறு, பதினேழு வயதில் கலியாணமாகியது? இன்று அவர்கள் இருபத்தைந்தைத் தாண்டியவர்கள். அவர்களது பிள்ளைகள் முதலாம் வகுப்புக்கு வரும் காலம் இது.

இதற்கு டென்வரிலிருந்து கணினி வரத் தேவையில்லை. பாடசாலைகளில் சேர்விடாப்பு இருக்கிறது, வரவு இடாப்பு இருக்கிறது, விலகல் பத்திரம் இருக்கிறது. முகாம்களுக்கு அருகிலிருந்த பாடசாலைகளின் இடாப்புகளையும் பரீட்சைப் பெறுபேறுகளையும் பிரதேச செயலகத்தின் முகாம் பதிவுகளையும் அருகருகே வைத்து ஒரு வருடம் உழைத்தால் சம்பூரின் பத்து வருடங்களுக்கு ஒரு எண் கிடைக்கும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அங்கிருந்து குடாவைக் கடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர் யாராவது இதை வாசித்தால் எனக்கு எழுதுங்கள். எனது பழைய குறிப்பேடுகள் நான்கு இருக்கின்றன. 2007 இல் கிளிவெட்டியில் நான் பேசிய குடும்பங்களின் பிள்ளைகளது வயதுகள் அவற்றில் தற்செயலாகக் குறித்துவைக்கப்பட்டிருக்கின்றன. பெயர்களை வெளியிடுவதில்லை என்ற நிபந்தனையுடன் தரத் தயாராக இருக்கிறேன்.